வயலுக்குத் திரும்பி வரும் பயிரும் திரும்பாத பயிரும்

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. காவிரி டெல்டாவில் நெல்லை விட்டு உளுந்து, பருத்தி, மக்காச்சோளம், தென்னை என்று போகிறார்களே, இப்படியே போனால் தமிழ்நாட்டுக்கு அரிசித் தட்டுப்பாடு வருமா என்பது ஒன்று. திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, கடைமடையில் இருக்கும் எங்கள் மூன்று ஏக்கரில் அப்பா தென்னை வைக்க நினைக்கிறார், வைக்கலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். இரண்டாவதற்கான பதில் அதற்குள்ளேயே இருப்பதால் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு முரட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஏழே முக்கால் கோடிப் பேர். சோறு, இட்லி, தோசை எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஆண்டுக்கு 100 கிலோ அரிசி என்று வைத்தால் 77 லட்சம் டன் வேண்டும். மழையும் மேட்டூரும் கை கொடுத்த ஆண்டில் இங்கே விளைகிற அரிசி 70 முதல் 80 லட்சம் டன். அதாவது நல்ல ஆண்டிலேயே வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போகிறது, கையிருப்பு என்று பெரிதாக எதுவும் மிஞ்சாது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. அந்த ஆண்டு விளைச்சல் ஏறக்குறைய பாதியாக விழுந்தது. அப்போதுகூடக் கடையில் அரிசி இல்லாமல் போகவில்லை, ஏனென்றால் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரி வந்தது, மத்தியத் தொகுப்பிலிருந்து ரேஷனுக்கு அரிசி வந்தது. ஆக, "விளைச்சல் குறைந்தால் பஞ்சம்" என்ற நேர்க்கோடு இன்றைக்கு இல்லை. ஆனால் அதை நம்பி நிம்மதியாக உட்காரவும் முடியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பரப்பு குறைந்திருப்பது உண்மை. 1970-களில் மாநிலம் முழுக்க 25 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் இருந்தது. இப்போது 20 லட்சத்தை ஒட்டி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பியது ஏக்கர் மகசூல்தான். 1960-களில் ஆடுதுறை 27 வந்து, ஜூன் தண்ணீரில் தொடங்கும் குறுகிய கால நெல்லான குறுவையைத் தூக்கி நிறுத்தியதில் தொடங்கி, ஏடிடி 36, ஏடிடி 43, கோ 51 என்று ரகங்கள் வந்து வந்து ஈடுகட்டின. ஆனால் மகசூல் ஏறிக்கொண்டே போகும் என்று இன்னொரு ஐம்பது ஆண்டுக்குக் கணக்குப் போட முடியாது. எனவே பரப்பைப் பற்றிய கவலை நியாயமானதுதான்.

ஆனால் "நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறுகிறார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோமே, அதில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. அடுத்த பருவத்திலேயே நெல்லுக்குத் திரும்பக்கூடிய நிலம் ஒன்று. திரும்பவே திரும்பாத நிலம் இன்னொன்று. புள்ளிவிவரத்தில் இரண்டும் "நெல் அல்லாத பரப்பு" என்றே பதிவாகும். அரிசிக் கணக்கில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

உளுந்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் உளுந்து நெல்லுக்குப் போட்டி இல்லை, நெல்லின் வால். தை மாதம், மழைக்கால நெல்லான சம்பாவின் அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் இருக்கும்போது வயலில் தண்ணீரை வடித்துவிட்டு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், நிற்கிற கதிருக்குள்ளேயே இறங்கி ஏக்கருக்கு எட்டுப் பத்துக் கிலோ உளுந்தை வீசுவார்கள். காலை வைத்தால் தடம் பதிய வேண்டும், தண்ணீர் ஊறக் கூடாது. அதுதான் பதம். பதம் தவறினால் ஒன்று விதை அழுகும், இல்லையென்றால் முளைக்காது. கதிர் அறுபடும்போது உளுந்து இரண்டு இலை விட்டிருக்கும். அப்புறம் பனியிலும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் தானாகவே வளர்ந்து பங்குனிக்குள் கைக்கு வந்துவிடும். பூக்கிற சமயத்தில் டிஏபி உரக் கரைசல் இரண்டு முறை தெளித்தால் உண்டு, இல்லையென்றாலும் உண்டு. தண்ணீர்ச் செலவு இல்லை, மண்ணுக்குத் தழைச்சத்து லாபம், அந்தக் காசில்தான் பல வீடுகளில் அடுத்த குறுவைக்கு உழவு ஓடுகிறது.

இந்த உளுந்துக்கு வந்த கேடு நெல்லிலிருந்தே வந்தது. ஆள் கிடைக்காமல் அறுவடை மெஷினுக்கு மாறினோம். ஈரமான வயலில் செயின் வண்டி ஏறி இறங்கினால் முளைத்த பயிர் சேற்றோடு போய்விடும். அதனால் பலர் தெளிப்பதையே விட்டுவிட்டார்கள். சிலர் அறுத்த பிறகு மேலாக உழுது விதைக்கிறார்கள். அதற்குள் ஈரம் போய்விடுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சம்பா நடவு பிந்தினால் அறுப்பு மாசிக்குத் தள்ளிப்போகும், உளுந்துக்கு ஈரமும் பனியும் மிஞ்சாது. ஆகவே உளுந்து அமோகமாக இருக்கிற ஊரில் நெல்லும் நேரத்துக்கு நடந்திருக்கிறது என்று அர்த்தம். உளுந்தைப் பார்த்து நெல்லுக்காகப் பயப்படுகிறவர்கள் படத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பருத்தி கொஞ்சம் வேறு. திருவாரூர்ப் பக்கம் மாசி, பங்குனியில் பருத்தி போடுகிறார்கள். அதுவும் கோடைப் பயிர்தான், நெல்லை நேரடியாகத் துரத்தவில்லை. ஆனால் கடைசி எடுப்பு முடிய ஆனி, ஆடி ஆகிவிடும். அந்த வயலில் குறுவைக்கு இடமில்லை, நேராகச் சம்பாதான். இரண்டு நெல் எடுக்கிற நிலம் ஒரு நெல்லுக்கு இறங்குகிறது. ஒரு குறுவை போய்விட்டதை யாரும் "பயிர் மாற்றம்" என்று எழுதிவைப்பதில்லை, ஏனென்றால் சம்பாவில் அதே வயல் பச்சையாகத்தானே நிற்கிறது. இதில் விலைச் சூதாட்டமும் உண்டு. 2022-இல் பருத்தி குவிண்டால் 10,000 ரூபாயைத் தாண்டியபோது ஊரே பருத்தி போட்டது. மறு ஆண்டு விலை சரிந்ததும் பாதிப் பேர் கையைச் சுட்டுக்கொண்டு திரும்பினார்கள். திரும்ப முடிந்தது என்பதைக் கவனியுங்கள். நிலம் அங்கேயேதான் இருந்தது.

குறுவை என்று சொன்னதால் தண்ணீரைப் பேசாமல் போக முடியாது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2020-இல் திறந்தார்கள். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்து, குறுவை 5 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. அடுத்த ஆண்டு ஜூன் 12-இல் திறந்தும் கர்நாடகத்திலிருந்து வர வேண்டியது வராமல், கருகிய குறுவையைப் பார்த்தோம், அக்டோபரிலேயே அணையை மூடினார்கள். 2024-இல் ஜூலை கடைசியில்தான் திறப்பு. உச்ச நீதிமன்றம் 2018-இல், மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுக்குத் தர வேண்டிய அளவை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. அதில் ஜூன் மாதத்துக்கு 9.19 டிஎம்சி, ஜூலைக்கு 31.24. மழை நன்றாக இருந்தால் கேட்காமலே வரும், பொய்த்தால் கேட்டாலும் இழுபறி. எனவே குறுவை எப்போதுமே அரை நம்பிக்கைப் பயிர். ஓர் ஆண்டு குறுவைப் பரப்பு பாதியானதை வைத்து "விவசாயி நெல்லை விட்டுவிட்டான்" என்று முடிவுகட்டுவது தப்பு. அவன் விடவில்லை, ஆறு விட்டது.

சம்பா அப்படி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவின் களிமண்ணில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது நெல்லைத் தவிர வேறு எதுவும் அங்கே பிழைக்காது. மக்காச்சோளம் அழுகும், பருத்தி மஞ்சளாகும். மக்காச்சோளம் பெருகியது பெரம்பலூர், அரியலூர் மாதிரி மானாவாரி மேட்டு நிலத்தில். நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு அங்கிருந்து லாரி லாரியாகப் போகிறது. அந்த நிலத்தில் முன்பும் நெல் இருந்ததில்லை, சோளமும் கடலையும் பருத்தியும்தான் இருந்தன. ஆக, மக்காச்சோளத்தின் மீது அரிசிப் பழியைப் போட வேண்டாம்.

பரப்பைத் தாண்டி, ரக மாற்றம் என்று ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது. இதைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. சிஆர் 1009 மாதிரி மோட்டா ரகம் நேராக டிபிசிக்கு, அதாவது நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து ரேஷன் கடைக்கு. பிபிடி மாதிரி சன்ன ரகத்துக்கு வியாபாரி களத்துக்கே வந்து விலை பேசுவார். 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்துச் சாதாரண நெல் குவிண்டால் 2,500 ரூபாய், சன்னம் 2,545. அரசு தந்த வித்தியாசம் 45 ரூபாய். வெளியே நல்ல சன்னத்துக்கு அதைவிட அதிக வித்தியாசம் கிடைக்கிற ஆண்டில் சன்ன நெல் டிபிசியை எட்டிக்கூடப் பார்க்காது. அதே ஏக்கர், அதே நெல், ஆனால் ரேஷன் மூட்டைக்குப் போகவில்லை. சில ஆண்டுகளில் மாநிலத்தின் கொள்முதல் 40 லட்சம் டன் நெல்லைத் தாண்டியிருக்கிறது. அரைத்தால் 67 சதவீதம் என்று வைத்து 27 லட்சம் டன் அரிசி. ரேஷனுக்கு மாதம் 3 லட்சம் டன்னுக்கு மேல் வேண்டும். மீதியை மத்தியத் தொகுப்புதான் நிரப்புகிறது. உள்ளூர்க் கொள்முதல் சுருங்கினால் அந்தச் சார்பு கூடும், அவ்வளவுதான் கணக்கு.

அந்தத் தொகுப்பு எப்போதும் நாம் கேட்டபடி திறக்கும் என்று நினைத்தால் 2023-ஐ நினைத்துப் பாருங்கள். கர்நாடக அரசு ஆளுக்குக் கூடுதலாக 5 கிலோ அரிசி தருவதாக வாக்குக் கொடுத்து ஆட்சிக்கு வந்தது, கிலோ 34 ரூபாய் கொடுத்து வாங்கத் தயாராகவும் இருந்தது. அந்த ஜூன் மாதம் மாநிலங்களுக்கு வெளிச்சந்தைத் திட்டத்தில் அரிசி விற்பதை மத்திய அரசு நிறுத்தியது. கையில் காசு இருந்தும் அத்தனை அரிசி கிடைக்காமல், ஆளுக்கு மாதம் 170 ரூபாயாகப் பணத்தையே கொடுத்தார்கள். கங்காவதியிலும் சிந்தனூரிலும் நெல் மலைபோல் விளைகிற மாநிலத்துக்கு அந்த நிலை. அடுத்த மாதமே, ஜூலையில், வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கும் தடை வந்தது.

அப்புறம் "எங்கிருந்தாவது அரிசி வரும்" என்பதில் இன்னொரு ஓட்டை. நாமும் கேரளமும் தின்பது புழுங்கலரிசி. பஞ்சாபில் எவ்வளவு பச்சரிசி குவிந்தாலும் நம் இட்லிக்கு ஆகாது. தெலங்கானாவிலிருந்து புழுங்கலரிசியை இனி எடுக்க மாட்டோம் என்று மத்திய அரசு 2021-இல் சொன்னபோது அது ஏதோ அவர்கள் தகராறு என்று நாம் பேசாமல் இருந்தோம். புழுங்கலுக்கு ஏற்ற நெல்லும் அதை அவிக்கிற ஆலையும் எந்தப் பகுதியில் இருக்கின்றன என்பது நம்முடைய சோற்றுக் கேள்வி.

சரி, திரும்பி வராத மாற்றத்துக்கு வருவோம். என் உண்மையான கவலை இங்கேதான்.

டெல்டாவில் பாசனம் பெரும்பாலும் வயலுக்கு வயல் பாய்கிறது. வாய்க்காலில் மடை திறந்து முதல் வயலில் ஏறிய தண்ணீர், அதன் வரப்பிலுள்ள வெட்டு வழியாக இரண்டாவது வயலுக்கு, அங்கிருந்து மூன்றாவதுக்கு என்று இறங்கும். மழைக்காலத்தில் வடிவதும் அதே வழிதான். இப்போது நடுவிலிருக்கும் வயல்காரர் நான்கு மாவில் (மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர்) மண்ணடித்துத் தென்னை வைக்கிறார் அல்லது மனைக்கு விற்றுக் கல் நடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ளவருக்கு வடிகால் அடைபட்டது, கீழே உள்ளவருக்குப் பாய்ச்சல் போனது. அறுவடை மெஷின் உள்ளே போக வழியில்லை. தோப்பு நிழல் விழுகிற பக்கம் கதிர் பிடிக்காது, எலி குடியேறும். இரண்டு ஆண்டு சமாளித்துவிட்டு மூன்றாம் ஆண்டு அவர்களும் தரிசு போடுவார்கள். கணக்கில் போனது நான்கு மா. உண்மையில் போனது அந்தப் பாசனத் தொடரே. இப்படி ஒரு வாய்க்காலின் மொத்த ஆயக்கட்டும் பத்து ஆண்டுக்குள் கரைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாய்க்காலைத் தூர்வார ஆள் வராத நாளில்தான் எல்லோருக்கும் உறைத்தது.

கேரளம் இதை மாநில அளவில் செய்து காட்டிவிட்டது. 1970-களின் நடுவில் அங்கே 8.8 லட்சம் ஹெக்டேர் நெல் இருந்தது. இன்று 2 லட்சத்தைச் சுற்றித்தான். ரப்பரும் தென்னையும் வாழையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டன, வீடுகள் மீதியை எடுத்தன. ஒவ்வொருவர் முடிவும் தனித்தனியாகப் பார்த்தால் புத்திசாலித்தனமானது. கூலி ஏறியது, நெல்லில் மிஞ்சவில்லை, வெளிநாட்டுப் பணம் வந்தது. 2008-இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது காக்க வேண்டியதில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. நம்மிடம் 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அது ஹைட்ரோகார்பன் மாதிரியான தொழில்களைப் புதிதாக வர விடாது. நல்லதுதான். ஆனால் வயல் தோப்பாவதை அது தொடாது. தொடவும் கூடாது என்று நினைக்கிறேன், விவசாயி என்ன பயிர் வைப்பது என்று சட்டம் சொல்ல ஆரம்பித்தால் அது வேறு வம்பு. வயல் நடுவில் கல் நடுவதை மட்டும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்திலும் நெல்லைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்பது என் கட்சி இல்லை. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிச் சித்திரையில் கோடை நெல் வைப்பதை விடலாம். ஒரு நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும், உளுந்துக்கு அதில் கால் பங்கு போதும். கோடையில் உறிஞ்சிய தண்ணீர்தான் அணை பிந்துகிற ஆண்டில் குறுவை நாற்றங்காலுக்கு இல்லாமல் போகிறது. கடலோரத்தில் இன்னும் மோசம், மேலே நல்ல தண்ணீர் குறைந்தால் கீழிருந்து உப்பு ஏறும். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் மார்கழி, தையில் தொடங்கும் நவரை நெல் போடுகிறவர்கள் கடலைக்கோ பயறுக்கோ மாறினால் அரிசிக்கு நீண்டகாலத்தில் அது நல்லதே. நெல் நிலத்தைக் காப்பாற்ற, சில பருவத்தில் நெல்லை விடத்தான் வேண்டும்.

விவசாயியை நெல்லிலிருந்து தள்ளிவிடுவது விலை மட்டுமில்லை, விற்கிற இடத்தில் படும் பாடும்தான். குறுவை அறுப்பு புரட்டாசிக் கடைசி, ஐப்பசி. மழை தொடங்கும் நேரம். கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் என்று விதி. சாலையில் காயவைத்து, தார்ப்பாய் போட்டு, ராத்திரி மழைக்கு எழுந்து மூடி, காலையில் விரித்து, ஒரு வாரம் குவியல் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்தவருக்கு மெஷின் 20 என்று காட்டும். தளர்வு வேண்டும் என்று மாநிலம் எழுதி, மத்தியக் குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் குவியலின் அடியில் முளை வந்திருக்கும். அந்த முளையைக் கையில் எடுத்துப் பார்த்த ஆளிடம் போய் மாநிலத்தின் உணவுப் பாதுகாப்பைப் பேசிப் பாருங்கள். உலர்த்தும் இயந்திரமும் கூரை போட்ட களமும் ஒவ்வொரு பிர்க்காவிலும் இருந்தால் தென்னை யோசனை பாதிப் பேருக்கு வராது.

இனி உங்கள் மூன்று ஏக்கர். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் புது ஆற்றுப் (கல்லணைக் கால்வாய்) பாசனத்தில் தென்னை செழித்ததைப் பார்த்து உங்கள் அப்பா ஆசைப்பட்டிருப்பார். அங்கே மண் இளகியது, நீர் இறங்கும். உங்கள் பக்கம் களி, கார்த்திகையில் தண்ணீர் நின்றால் பத்து நாளுக்கு வடியாது. தென்னைக்கு வேர் மூச்சு முட்டும். மேடு போட்டுத்தான் வைக்க வேண்டும், மேடு போட்டால் அது மறுபடி வயலாகாது. நெட்டை ரகம் என்றால் காய்க்க ஆறேழு ஆண்டு. 2018 நவம்பர் 16-இல் கஜா ஓர் இரவில் சாய்த்த தோப்புகளில் முப்பது வயது மரங்கள் இருந்தன. அந்த இழப்புக்குப் பிறகும் பெரும்பாலோர் மறுபடி கன்றுதான் வைத்தார்கள், வயலுக்குத் திரும்ப வழியில்லாமல்.

முழுவதையும் தோப்பாக்க வேண்டாம். சம்பாவை நேரடி விதைப்பில் முடியுங்கள், ஆள் செலவு குறையும். தையில் ஒரு ஏக்கரிலாவது கையறுப்புக்கு ஆள் பேசி உளுந்து தெளித்துப் பாருங்கள். தென்னை வைத்தே தீர வேண்டும் என்றால் வீட்டை ஒட்டிய மேட்டுப் பக்கம் ஒரு மாவில் வையுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் வயலிலிருந்து யாருக்குத் தண்ணீர் இறங்குகிறது என்று பார்த்து, அந்தக் கீழ்வயல்காரரிடம் அப்பாவை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே அப்பாவுக்குப் பதில் தெரிந்துவிடும்.